எல்லா வரியிலும் கோகிலவாணி

நாமக்கல் பரமத்தி ரோட்டில், டயர் ரீட்ரேடிங் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது மருதாசலத்தின் சாப்ட்வேர் ஆபீஸ். கீழே கம்ப்ரஸர் ஓடினால் மேலே மேசையிலிருக்கும் டீ கிளாஸ் நடுங்கும். ரப்பர் வேகும் வாசனை படியேறி வந்து தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் கோகிலவாணிக்கு அது பழகிவிட்டது. அவள் வீட்டுக்காரன் மணியனுக்குத்தான் இன்னும் பழகவில்லை. "ஏன் வாணி, கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போறியா, லாரிப் பட்டறைக்குப் போறியா?" என்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

மணியன் கேட்டது கேலிக்குத்தான். ஆனால் அவள் அங்கே என்னதான் செய்கிறாள் என்று யாராவது நிஜமாகக் கேட்டிருந்தால் கோகிலவாணி கொஞ்சம் திணறித்தான் போயிருப்பாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். புரோகிராம் எழுதப் போகிறோம் என்று நினைத்துத்தான் ஆறு வருஷம் முன்பு அந்தப் படியேறினாள். அவளைப் போன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குரல் தணிவாக இருக்கிறது, கோழிப் பண்ணைக்காரர்கள் எவ்வளவு கத்தினாலும் "சரிங்கண்ணா, பாக்கறேனுங்கண்ணா" என்று பொறுமையாகப் பேசுகிறாள், அப்புறம் என்ன? குரல் நன்றாக இருப்பவளுக்கு இந்த உலகத்தில் வேறு வேலை கொடுத்துவிடுவார்களா!

அந்த ஆபீஸ் செய்வது ஒரே ஒரு சாப்ட்வேர். கோழித் தீவனக் கணக்குக்கானது. எந்தக் கொட்டகையில், அதாவது எந்தச் செட்டில், என்ன வயசுக் கோழி, அதற்கு மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று அது காலையில் ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். பண்ணையில் இருக்கும் அரவை மில்லில் அந்தச் சீட்டைப் பார்த்துக் கலந்து அரைப்பார்கள். முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் வேண்டும். முட்டையிட ஆரம்பிக்காத இளங்கோழிக்கு அது அவ்வளவு வேண்டாம். எந்த வயசில் கிளிஞ்சலைக் கூட்ட வேண்டும் என்பதும் அந்தப் புரோகிராமுக்குள் ஒரு வரியாக இருந்தது. இந்தக் கதையே அந்த ஒரு வரியால் வந்ததுதான்.

மருதாசலம் படித்த மனிதர் இல்லை, ஆனால் விஷயம் தெரிந்தவர். இருபது வருஷம் ரிக்கு வண்டி வைத்து வடநாடெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு வந்தவர். அவர் வண்டியில் ஒரு கைராசிக்காரர் இருந்தாராம். அவர் தேங்காய் உடைத்து, அவர் கையால் மெஷினை முடுக்கினால் குழியில் தண்ணீர் வரும், வேறு யார் முடுக்கினாலும் வெறும் புழுதிதான் பறக்கும் என்பது மருதாசலத்தின் கட்சி. ரிக்கு வண்டியை விற்றார், அந்த நம்பிக்கையை விற்கவில்லை. முதன்முதலாக ஒரு பண்ணைக்கு சாப்ட்வேரை ஏற்றிய அன்று, பையன்கள் மூன்று முறை முயன்றும் அது போய்ச் சேரவில்லை. மருதாசலத்துக்கு வியர்த்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து அப்போதுதான் நாலு நாள் ஆகியிருந்த கோகிலவாணி தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"அம்முணி, நீ ஒருக்கா அமுக்கு பாக்கலாம்."

அவள் அமுக்கினாள். போய்விட்டது. அந்த நேரத்தில் ஒரு பையன் மேசைக்கு அடியில் குனிந்து நெட் கேபிளைச் சரியாகச் செருகியிருந்தான் என்பது வேறு விஷயம். கேபிளுக்கு யார் மாலை போடுவார்கள்? அன்றிலிருந்து கோகிலவாணியின் கை ராசியான கை ஆகிவிட்டது.

அதன் பிறகு அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் வந்தது. புரோகிராம் எழுதுகிற பையன்கள் எழுதியதை எல்லாம் பென்டிரைவில் கொண்டுவந்து கோகிலவாணி மேசையில் வைப்பார்கள். மருதாசலம் தினசரிக் காலண்டரைப் பார்த்து நல்ல நேரம் சொல்வார். சர்வர் பெட்டி மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். கோகிலவாணி தன் லாகினில், தன் பெயரில், எல்லாவற்றையும் ஏற்றி ஒரு பட்டனை அமுக்குவாள். பண்ணைக்காரர்களுக்கும் இது தெரியும். "புதுசு ஏத்தறீங்களா? வாணி கையில ஏத்துங்க" என்று போன் போட்டே சொல்வார்கள். ராசிபுரத்திலும் பேச்சு பரவி, தெருவில் யார் புது வண்டி எடுத்தாலும் முதல் சாவி போட அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பிடிக்காது என்று சொன்னால் அது பொய்.

போன சித்திரையில் மருதாசலத்தின் மகன் சபரிநாதன் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து ஆபீஸைக் கையிலெடுத்தான். நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். வந்த முதல் வாரமே மொத்தப் புரோகிராமையும் திறந்து உட்கார்ந்தான். இந்த மாதிரி ஆபீஸ்களில் புரோகிராமை கிட் என்கிற ஒன்றில் போட்டு வைப்பார்கள். யார் எந்த வரியை எப்போது மாற்றினாலும் அது பெயரோடு ஞாபகம் வைத்துக்கொள்ளும். எந்த வரியையும் காட்டி, 'இதைக் கடைசியாகத் தொட்டது யார்?' என்று கேட்டால் பட்டென்று பெயரைச் சொல்லிவிடும். அப்படிக் கேட்கிற கட்டளைக்கு பிளேம் என்று பெயர். பழி என்றே வைத்துவிட்டான், எந்த மகராசன் வைத்தானோ.

சபரிநாதன் கேட்டுப் பார்த்தான். முதல் வரி, கோகிலவாணி. பத்தாவது வரி, கோகிலவாணி. எங்கே தொட்டாலும் கோகிலவாணி. பையன் மிரண்டு போய் எழுந்து வெளியே வந்தான். வாசல் பக்கம் போனில் ஒரு பெண், கோழிக்குக் கழிச்சல் என்று புலம்பிய யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத்தனையும் நீங்களா? நீங்க எதுக்குங்க போன் எடுத்துட்டு இருக்கீங்க?"

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். இல்லைங்க, நான் அமுக்கறதோட சரி, எழுதறது பையன்களுங்க என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் அவள் கையைப் பார்க்காமல் அவள் தலையைப் பார்த்துப் பேசுகிறான். பாவம், யாருக்குத்தான் மனசு வரும்?

"எல்லாரும் சேந்துதானுங்க தம்பி" என்றாள்.

சொன்னது பொய் இல்லை. ஆனால் சொன்ன விதத்தில் அது அடக்கமாகத் தெரிந்தது. சபரிநாதன் அதை அடக்கம் என்றே எடுத்துக்கொண்டான். ஆவணி பிறந்ததும் போனுக்கு வேறு ஆள் போடுகிறேன், நீங்கள் உள்ளே ஜன்னலோரச் சீட்டுக்கு வந்துவிடுங்கள், இனிமேல் எழுதுவது மட்டும்தான் உங்கள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று பஸ்ஸில் கோகிலவாணி ஆண்டகளூர் கேட் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். கண் கலங்குவதைப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாதே. வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து கல்லூரிப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினாள். மணியன் ஒன்றும் கேலி செய்யவில்லை. போய்க் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தான்.

ஆடி பாதி போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஆபீஸ் படியில் யாரோ தடதடவென்று ஏறும் சத்தம் கேட்டது. எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ராசப்பன், ஒரு அட்டை முட்டையைத் துண்டால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மருதாசலத்தின் மேசைமேல் வைத்தார். ஒரு முட்டையை எடுத்துக் கட்டைவிரலால் லேசாக அமுக்கினார். ஓடு உடையவில்லை, அப்படியே உள்ளே அமுங்கியது.

"பாரு மாப்ளே, முட்டையா இது? பலூனு! கோழி போட்டுக் கம்பியில உருளறப்பவே ஒழுகிப் போவுது. கூண்டுக்கடியில காலு வைக்க முடியல. இதுல நாலஞ்சு கோழி காலூண முடியாம படுத்துக்கிச்சு. தண்ணி மாத்துனேன், மருந்து மாத்துனேன். கடசீல டாக்டரு வந்து தீவனச் சீட்டைப் பாத்துட்டு, 'முட்டை போடற கோழிக்கு இன்னும் குஞ்சுத் தீவனம் போட்டுட்டு இருக்கறீங்களே'ங்கறாரு! உங்க கம்ப்யூட்டரு அடிச்ச சீட்டு மாப்ளே அது!"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கோகிலவாணி எடுத்தாள். புதுச்சத்திரத்திலிருந்து இன்னொரு பண்ணை, அதே புகார். வைத்ததும் மறுபடி அடித்தது.

சபரிநாதன் நேராகப் போய்ச் சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் புரோகிராமைப் போட்டான். எல்லாரும் சுற்றி நின்றார்கள். கிளிஞ்சலைக் கூட்டும் வயசைச் சொல்லும் வரியைத் தேடிப் பிடித்தான். "இங்க பாருங்க. வயசை ரெண்டு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள கோழி முட்டை போட ஆரம்பிச்சிருது. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லைங்க, என்ன நடந்துச்சுன்னு தெரியோணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கட்டளையைத் தட்டினான்.

வரிக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது பெயர். கோகிலவாணி.

ராசப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "ஆரு இந்தக் கோகிலவாணி?"

எல்லார் தலையும் ஒரு பக்கமாகத் திரும்பியதைப் பார்த்து அவருக்கே புரிந்துவிட்டது. "நம்ம வாணியா? அடக் கருமமே! ராசியான கையின்னு சொல்லி, என்ற பேத்தி சீருக்குக்கூட உன்னையக் கூப்புடலாம்னு இருந்தேனே அம்முணி! இந்தக் கையா இப்படிப் பண்ணுச்சு?"

மருதாசலத்தின் முகம் வேறு மாதிரி வெளுத்திருந்தது. அவருக்கு வரியும் புரியவில்லை, வாரமும் புரியவில்லை. அவர் பயம் வேறு. மெதுவாகக் கேட்டார். "ஏங் கண்ணு, ரெண்டு மாசம் முன்னாடி உங்க ஊட்டுப் பக்கம் ஒரு சாவுன்னு லீவு போட்டியே. தலைக்குத் தண்ணி வாத்துட்டுத்தானே ஆபீசுக்கு வந்தே?"

கோகிலவாணிக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அக்கா" என்றான் சபரிநாதன். "நீங்க மாத்துனீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அந்த வரியை ஏற்றிய வியாழக்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, சபரிநாதன் அன்று பெங்களூரு போயிருந்தான். மத்தியானம் ஒன்றரைக்கு ராகு காலம். ஜீவானந்தம் பென்டிரைவை வைத்தபோது ஒன்றே கால் தாண்டிவிட்டது. என்னென்ன மாறியிருக்கிறது என்று கிட் திரையில் வரிசையாகக் காட்டியது. படிக்கலாம் என்று கண்ணாடியை எடுத்தாள். "படிக்கறதெல்லாம் அப்புறமேட்டுக்குப் படிச்சுக்கலாம், மொதல்ல அமுக்கு கண்ணு, நேரம் போவுது" என்று மருதாசலம் பின்னால் நின்று விரட்டினார். அமுக்கினாள். அப்புறமேட்டுக்கு யார் படித்தார்கள்? அவள் கை பட்டால் தப்பு வராது என்று அந்த ஆபீஸில் எல்லாரும் நம்பினார்கள். பரிசோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை.

ஜீவானந்தம் இப்போது கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பரமத்தி வேலூர்ப் பையன். இவள் டப்பாவிலிருந்து தினமும் ஒரு இட்லியாவது எடுக்காமல் விடமாட்டான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. அவன் பெயரைச் சொன்னால் இவள் தப்பித்துவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. நான் எழுதவில்லை என்று மட்டும் சொல்லலாமா? அதையும் எந்த வாயால் சொல்வது? இத்தனையும் நீங்களா என்று சபரிநாதன் வியந்து கேட்டபோது வாயைத் திறக்காதவள், இப்போது பழி வந்ததும் நான் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஜன்னலோரச் சீட்டு காலியாகக் கிடந்தது. இனி அது வேறு யாருக்கோ. வேலையே இருக்குமோ என்னவோ.

ஆனாலும் சொன்னாள்.

"தம்பி, அதுல இருக்கறது என்ற பேரு. எழுதுனது நானில்லீங்க. அந்த வரி மட்டுமில்ல, ஆறு வருஷமா எந்த வரியும் நான் எழுதலீங்க. நல்ல நேரம் பாத்து அமுக்கறது மட்டுந்தான் நானு. நீங்க வந்தன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்ல மனசு வரலீங்க."

சபரிநாதன் அப்பாவைப் பார்த்தான். "என்னங்கப்பா சொல்றாங்க? எல்லாரோடதையும் இவங்க பேர்லயா ஏத்துனீங்க?"

"ராசியான கை சாமி..." என்று இழுத்தார் மருதாசலம்.

"அப்ப இந்த வரியை எழுதுனது யாருங்க்கா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கீழே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது, மேசைமேல் முட்டைகள் மெல்ல அதிர்ந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஜீவானந்தம் வாயைத் திறந்தான்.

"நாந்தானுங்க. அக்கா மேல தப்பில்லீங்க. அண்ணன் போன்ல மாத்தச் சொன்னாங்க, மாத்தி டிரைவுல குடுத்தேனுங்க."

"எந்த அண்ணன்?"

"நம்ம அண்ணன்தானுங்க." அவன் மருதாசலத்தைக் காட்டினான்.

"நானா?" மருதாசலம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நான் எதுக்குடா கோழிக்குக் கிளிஞ்சலைக் கொறைக்கச் சொல்றேன்? எனக்கென்ன கிறுக்கா?"

"வைகாசியிலீங்கண்ணா. திருச்செங்கோட்டுல ஒரு கல்யாணத்துல இருந்து கூப்புட்டீங்க. பந்திச் சத்தம் கேட்டுச்சுங்க. 'இந்த வருச வெயிலுக்குக் கோழி எடையே ஏறலீயாமா, பெரிய கோழித் தீவனத்தை ரெண்டு வாரம் தள்ளிப் போடு'ன்னீங்க. எந்தப் பண்ணைக்குங்கண்ணான்னு கேட்டேன். அதுக்குள்ள யாரோ ரசம் ஊத்த வந்துட்டாங்க, நீங்க வெச்சுட்டீங்க. எல்லாப் பண்ணைக்குமின்னு நெனச்சு மாத்திப் போட்டேனுங்க. மறுக்கா ஒருக்கா கேட்டிருக்கோணும். அது என்ற தப்புதானுங்க."

மருதாசலம் யோசித்தார். கல்யாணம், பந்தி, ரசம். நெற்றியைத் தேய்த்தார். பிறகு அவர் பார்வை மெதுவாக மேசைக்கு எதிரே நின்ற ஆள்மேல் போய் விழுந்தது.

"ஏன் மாப்ளே. அந்தப் பந்தியில என்ற பக்கத்துல உக்காந்து சாப்பிட்டது ஆரு?"

ராசப்பன் முட்டை அட்டையைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"நான்... ஒரு செட்டுக்குத்தானே மாப்ளே சொன்னேன். எட்டாம் செட்டுக்கு. அது மட்டுந்தான் எடை கம்மி. ஏழாம் செட்டுக் கோழி கல்லாட்டமல்ல இருந்துச்சு!"

"செட்டு நம்பரை எங்கடா சொன்னே? அப்பளத்தைக் கடிச்சிட்டே சொன்னே!"

ரெண்டு பெரிய மனிதர்களும் அப்பளத்தைப் பற்றிச் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். ஊர்ப் பழியெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து, எழுதியவன் சொன்னவரைக் காட்ட, சொன்னவர் கேட்டவரைக் காட்ட, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு சாப்பாட்டு இலையைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள் போலிருந்தது. கோகிலவாணி அதுவரை பொறுத்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"சித்த நிறுத்துங்க!"

அந்தத் தணிந்த குரல் அப்படி உயர்ந்து அந்த ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. கீழே டயர் கடையில்கூட ஒருவன் நிமிர்ந்து பார்த்திருப்பான்.

"கேட்டவரு ஒருத்தரு, சொன்னவரு ஒருத்தரு, எழுதுனவரு ஒருத்தரு. பேரு மட்டும் எனக்கு. நல்லா நடந்தா என்ற கை, கெட்டா என்ற தீட்டு. இல்லீங்களா? சாவு ஊட்டுக்குப் போயிட்டுத் தண்ணி வாத்தியான்னு கேக்கறீங்களேண்ணா, அந்த வரியைப் படிச்சியான்னு என்னைய ஒருத்தராச்சும் கேட்டீங்களா? நான் படிக்காம அமுக்குனேன். அது என்ற தப்பு, ஒத்துக்கறேனுங்க. ஆனா அது மட்டுந்தான் என்ற தப்பு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருதாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். "தப்புத்தான் கண்ணு" என்றார். ரிக்கு வண்டிக் காலத்திலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

போன் மறுபடியும் அடித்தது. கோகிலவாணி எடுத்துப் பேசிவிட்டு வைத்தாள். "பதினொண்ணரைக்கு எல்லா மில்லுலயும் அரைக்க ஆரம்பிச்சிருவாங்க. அதுக்கு முன்னாடி சீட்டை மாத்தலீன்னா இன்னிக்கும் அதே தீவனந்தான் போகும்."

ஜீவானந்தம் தன் மேசைக்கு ஓடினான். சபரிநாதன் கடிகாரத்தைப் பார்த்தான். மருதாசலமும் பார்த்தார், பாவம், பழக்கம் விடுமா? "வெள்ளிக்கிழமை சாமி. பத்தரைக்கே ராகு காலம் புடிச்சிருச்சு. பன்னெண்டு வரைக்கும் இருக்குது. அது முடிஞ்சப்புறம்..."

"கோழிக்கு ஏதுங்கண்ணா ராகு காலம்?" என்றாள் கோகிலவாணி.

மருதாசலம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். ராசப்பன்கூடத் தலையை ஆட்டினார்.

அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டாள். அந்த வரியை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். அதற்கு மேலே இருந்த வரியையும் கீழே இருந்த வரியையும் படித்தாள். கல்லூரியில் படித்தது ஒன்றும் முழுசாக அழிந்து போயிருக்கவில்லை, மழைக்குக் காத்திருந்த விதை மாதிரி எங்கோ கிடந்தது. வயசை முன்னிருந்தபடி மாற்றித் தட்டினாள். மாதிரிச் சீட்டு ஒன்றை அடித்துப் பார்த்தாள். கிளிஞ்சல் சரியாக வந்தது. ராசப்பனிடம் கொடுத்தாள். அவர் கையை நீட்டிச் சீட்டைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, "ஆமா, இதுதான் பழைய கணக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் பட்டனை அமுக்கினாள். எட்டாம் செட்டுக்கு மட்டும் தனியாக ஒரு விதியை ஜீவானந்தம் எழுதினான். பழக்க தோஷத்தில் பென்டிரைவைச் செருகப் போனவனை சபரிநாதன் கையைப் பிடித்து நிறுத்தினான். "உங்க பேர்லயே ஏத்துங்க. இனிமேல் எழுதுனவங்க பேர்தான். ஏத்தறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் உக்காந்து படிக்கோணும்."

சர்வர் மேல் எலுமிச்சம்பழம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று மருதாசலம் கேட்டுக்கொண்டார். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

சாயங்காலம் கோகிலவாணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சபரிநாதன் வந்து நின்றான். அவனுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அக்கா, நீங்கதான் எல்லாம் எழுதுனீங்கன்னு நெனச்சுத்தான் அந்த ஜன்னலோரச் சீட்டைச் சொன்னேன்."

"தெரியுமுங்க தம்பி."

"இப்ப..." என்று நிறுத்தினான். பிறகு, "கத்துக்கறீங்களா?" என்று கேட்டான்.

கோகிலவாணி அவனைப் பார்த்தாள். "கத்துக்கிட்டுத்தானுங்க ஆறு வருஷம் முன்னாடி இந்தப் படியேறுனேன்."

சபரிநாதனுக்குக் காது சிவந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் வந்து பார்த்தபோது அவளுடைய கம்ப்யூட்டர் ஜன்னலோர மேசைக்குப் போயிருந்தது. போனும் கூடவே போயிருந்தது, புது ஆள் கிடைக்கும்வரை என்றான். மத்தியானம்வரை போன், மத்தியானத்துக்கு மேல் ஜீவானந்தத்தோடு உட்கார்ந்து எழுத வேண்டும் என்று ஏற்பாடு. ஜீவானந்தம் முதல் நாள் அவளுக்கு முன்னால் தன் இட்லி டப்பாவைத் திறந்து நீட்டினான். "அன்னிக்கு வாயத் தொறக்க லேட்டாயிருச்சுங்க்கா" என்றான். அவள் ஒரு இட்லி எடுத்துக்கொண்டாள். கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதனால் இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் ராசப்பன் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"அம்முணி, முட்டை சும்மா கல்லு மாதிரி வருது. படுத்த கோழியில ரெண்டு போயிருச்சு, மத்ததெல்லாம் எந்திரிச்சு நிக்குது. எது எப்படியோ, உன்ற கை கைதான் போ! ராகு காலத்துல அமுக்கியே இப்படி வேலை செய்யுதுன்னா பாத்துக்க!"

"கையில ஒண்ணுமில்லீங்கண்ணா. படிச்சுப் பாத்து எழுதுனது."

ராசப்பன் அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தார். அன்றைக்குச் சுவரில் கொட்டை எழுத்தில் பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப இன்னொருக்கா அந்த டி.வி.யில போட்டு, இதை ஆரு பண்ணுனதுன்னு கேட்டா, உன்ற பேரு வருமா?"

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். ஒரு காலத்தில் மேலிருந்து கீழ்வரை அவள் பெயராகவே இருந்த இடத்தில் எழுதியவர்களைக் கேட்டு சபரிநாதன் பழைய வரிகளையெல்லாம் திருத்தி வைத்ததில், இப்போது ஜீவானந்தம், சபரிநாதன், பழைய பையன்கள் என்று பெயர்கள் நிரம்பியிருந்தன.

"அந்த ஒரு வரிக்கு மட்டும் வருமுங்க" என்றாள்.